நெடுநாள் நின்ற மோட்டார்ச் சைக்கிளும் சுழல மறுக்கும் பின்சில்லும்

விழா மலரொன்றிலே மோட்டார்ச் சைக்கிளின் பின்சில்லைப் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ எனச் சிலர் வினவக்கூடும். கல்லூரியின் வரலாறும் ஆசிரியப் பெருந்தகைகளின் தொண்டும் விளையாட்டு வீரரின் வெற்றிகளும் இடம்பெற வேண்டிய பக்கங்களிற் கறள் பிடித்த இரும்பைப் பற்றி எழுதத் துணிந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. எமது பௌதிக ஆய்வுகூடத்தில் எம் ஆசிரியர் ஒருவர் ஓயாது வற்புறுத்திய பாடம், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல் வேண்டும் என்பதும், மாற்றுமுன் உற்று நோக்குதல் வேண்டும் என்பதுமாகும். அதனைப் பரீட்சைக்காக அன்று மனனஞ் செய்தோம். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னர், ஒரு கொட்டிலின் மூலையிலே, சுழல மறுத்த சில்லொன்றின் முன்னே குந்தியிருந்தபோதுதான் அதன் பொருளை முழுமையாக விளங்கிக்கொண்டோம்.

எம் தந்தையார் வைத்திருந்தது பீ.எஸ்.ஏ. பான்ரம் என்னும் சிறிய மோட்டார்ச் சைக்கிள். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரைச் சேர்ந்த நிறுவனத்தார் 1948 ஆம் ஆண்டு தொடக்கம் 1971 வரை இவ்வினத்தை உற்பத்தி செய்தனர். முதலில் வெளிவந்த டி1 என்னும் மாதிரி 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஈரடிப்பு எஞ்சினும் மூன்று கியர்களும் உடையது. இதன் மூல அமைப்பு ஜேர்மனியரின் டி.கே.டபிள்யூ. ஆர்.ரி.125 என்னும் வண்டியினது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அதனையே முன்மாதிரியாகக் கொண்டு இங்கிலாந்தரும் அமெரிக்கரும் இரசியரும், 1955 இல் யப்பானின் யமஹா நிறுவனத்தாரும் தத்தம் வண்டிகளை ஆக்கினர். பான்ரம் என்பது சிறு சேவலொன்றின் பெயர். பெயருக்கேற்ப வண்டியும் சிறியது, சுறுசுறுப்பானது, பழுதுபார்த்தற்கு எளியது.

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் ஊரோடு பெயர்ந்தபோது அவ்வண்டி வீட்டின் பின்புறத்துக் கொட்டிலில் விடப்பட்டது. சில துளி பெற்றோல் ஊட்டிப் புறப்படச் செய்து மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய காலம் அது. தாங்கியில் ஏதும் இருந்திலது. நோயுற்றிருந்த அன்னையாரைச் சைக்கிளில் ஏற்றி உருட்டிக்கொண்டு தந்தையார் தென்மராட்சிக்கும், அங்கிருந்து வன்னிக்கும் சென்றார். 1997 இல் அங்கேயே காலமானார். யாம் அவ்வேளை கொழும்பில் இருந்தமையால், வண்டியை அவர் எந்நிலையில் விட்டுச் சென்றார் என்பதை அறிந்திலோம்.

2019 ஆம் ஆண்டில் வளவைப் பங்கிடும் பொருட்டு ஊர் சென்றபோது கொட்டிலைத் திறந்தோம். வண்டி நின்றது, ஆனால் நகரவில்லை. முன்சில்லு சுழன்றது. பின்சில்லோ கல்லிற் பதித்தது போல இருந்தது. பழைய இரும்பு வாங்குபவர் படலையடியிற் காத்திருந்தார். உருட்டிச் செல்ல இயலாத வண்டியை இரும்பாகவன்றி வேறெவ்வாறு கருதுவது என்பது அவர் வாதம். உடன்வந்த மருமகனோ, "மாமா, லான்ட்மாஸ்டரிலே கயிற்றைக் கட்டி ஓர் இழுவை இழுத்தால் தானாகச் சுற்றும்" என்றான்.

"சுற்றும், தம்பி. எதை உடைத்துக்கொண்டு சுற்றும் என்பதுதான் கேள்வி" என்றோம்.

அவ்வாறு கூறியமைக்குப் பட்டறிவே காரணம். பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் வண்டி இவ்வாறே பிடித்திருந்தபோது, இரும்புச் சுத்தியலால் பிறேக்கு டிறத்தை ஓங்கி அடித்தவர் யாமே. டிறம் வார்ப்பிரும்பினால் ஆயது. உருக்கு வளையும், வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும். அன்று அஃது வெடித்தது. அதற்கு ஈடான டிறம் எங்கும் கிடைத்திலது. சில்லு சுழன்றது உண்மை. வண்டி மீண்டும் ஓடவில்லை.

ஆகவே, பலத்தைப் பிரயோகிக்குமுன் எவ்விடத்திற் பிடித்துள்ளது என்பதைக் காணுதல் வேண்டும். இதற்கு வண்டியின் அமைப்பை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்தல் நன்று. எஞ்சினில் முசலத்தின் அசைவு சுழற்சியாக மாறிக் கிளச்சின் ஊடாகக் கியர்ப் பெட்டிக்குச் செல்கின்றது. கியர்ப் பெட்டியின் வெளிப்புறத்துப் பற்சில்லிலிருந்து செயின் அச்சுழற்சியைப் பின்சில்லின் பற்சில்லுக்குக் கொண்டுசெல்கின்றது. பின்சில்லின் நடுக்குடத்தில் பிறேக்கு டிறமும், அச்சைத் தாங்கும் குண்டுப் பெயறிங்குகளும் உள்ளன. இத்தொடரில் எந்த ஒரு கண்ணி பிடித்தாலும் சில்லு நிற்கும். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு எல்லாப் பழுதும் ஒரே பழுதாகத் தோன்றும். அவற்றை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்தறிவதே எமது வேலை.

முதலாவதாக, வண்டியை ஸ்ரான்டில் ஏற்றிப் பின்சில்லு நிலத்தைத் தொடாதவாறு நிறுத்துக. பழைய ஸ்ரான்ட் கறளினால் மெலிந்திருக்கக்கூடும். சட்டத்தின்கீழ் மரக்குற்றி ஒன்றை வைத்தல் பாதுகாப்பானது. பின்னர் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு நன்றாகப் பார்க்க. காற்றிறங்கிய ரயர் பிசினாகி மட்காட்டில் ஒட்டியுள்ளதா? மட்காட் நெளிந்து ரயரை அழுத்துகின்றதா? சில்லுக் கம்பிகளின் இடையே தடியோ கயிறோ அகப்பட்டுள்ளதா? கறையான் மண் நிறைந்துள்ளதா? செயின் பற்சில்லின்மேல் ஏறி நெரிந்துள்ளதா? எளிய காரணங்களை முதலில் நீக்காது எஞ்சினைக் கழற்றியவர் பலர்.

பிறேக்கு மிதியையும் பார்த்தல் வேண்டும். அஃது இயல்பாக மேலெழுந்து நிற்க வேண்டியது. தாழ்ந்து கிடப்பின் பிறேக்குப் பிடித்த நிலையிலேயே உறைந்துள்ளது என ஐயுறலாம். எமது வண்டியில் மிதி தாழ்ந்தே கிடந்தது. மிதியையும் அதன் அருகிலுள்ள கால்தாங்கியையும் சுற்றி, கருகிய ஓலை போன்ற றப்பர்த் துண்டொன்று ஒட்டியிருந்தது, தொட்டவுடன் நொறுங்கியது. அதன் பொருளை அவ்வேளை யாம் உணர்ந்திலோம்.

இரண்டாவதாகச் செய்யத்தக்க சோதனைக்கு இரண்டு கண்களும் ஒரு கையும் போதும். செயின் எக்காலத்தும் முற்றாக இறுக்கமாக இருப்பதில்லை. சிறிது தொய்வு அதற்கு வேண்டும். சில்லைக் கையாற் பற்றி முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துச் செயினை நோக்குக. சில்லு அத்தொய்வின் அளவுக்காவது அசைந்து, செயின் இறுகியதும் நின்றால், சில்லு குற்றமற்றது. பிடித்திருப்பது செயினுக்கு முன்னாலுள்ள கியர்ப் பெட்டி, கிளச், எஞ்சின் என்பவற்றில் ஒன்று. சில்லை முன்னோக்கி அசைக்கும்போது செயினின் கீழ்ப்பகுதியும், பின்னோக்கி அசைக்கும்போது மேற்பகுதியும் இறுகும். அவ்விரண்டும் நிகழ்ந்தால் இம்முடிவு உறுதியாகும். மாறாக, செயின் தொய்ந்து கிடக்கச் சில்லு ஓர் அங்குலமேனும் அசையவில்லையெனின், பிடித்திருப்பது சில்லிலேயே. இவ்வொரு சோதனையால் வண்டி இரு பாதிகளாகப் பிரிந்து, ஒரு பாதி அப்போதைக்கு விசாரணையிலிருந்து விடுபடுகின்றது.

அப்போதைக்கு என்று கூறியதன் காரணம், நெடுநாள் நின்ற வண்டியில் ஒரு பழுது மற்றொன்றை மறைத்து நிற்கக்கூடும் என்பதே. அன்றியும், செயினே கறள் பிடித்துக் கட்டையாக விறைத்திருப்பின் தொய்வுச் சோதனை எம்மை ஏமாற்றும். அத்தகைய செயினுக்கு எண்ணெயிட்டு, கண்ணிகள் மடிகின்றனவா எனப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் வேண்டும்.

ஐயந் தீர்க்கும் வழி செயினைக் கழற்றிவிடுதல். சைக்கிள் செயினைக் கழற்றிய மாணவர்க்கு இது புதிதன்று. பூட்டுக் கண்ணியின் சிறு வில்தகட்டைக் குறட்டினால் மெல்ல நகர்த்தினாற் செயின் இரண்டாகும். மீளப் பூட்டும்போது அத்தகட்டின் மூடிய பக்கம் செயின் ஓடுந் திசையை நோக்குதல் வேண்டும்; மாறிப் பூட்டின் ஓட்டத்திலே கழன்றுவிடும். செயின் நீங்கிய பின் சில்லு சுழன்றாற் பழுது முன்பாதியில், சுழலாவிடிற் பின்பாதியில். இதற்கு மேல் வாதத்திற்கு இடமில்லை.

பின்பாதியில் முதலில் ஐயுறத்தக்கது பிறேக்கு. டிறத்தினுள்ளே பிறை வடிவான இரு கட்டைகள் உள்ளன. அவற்றின் புறத்தே உராய்வுக்குரிய லைனிங் ஒட்டப்பட்டிருக்கும். தட்டின் ஊடாகச் செல்லும் சிற்றச்சு ஒன்றின் உள்முனை தட்டையானது. மிதியை அழுத்தும்போது வெளியிலுள்ள நெம்பு அவ்வச்சைத் திருப்ப, தட்டையான முனை கட்டைகளை அகற்றி டிறத்தோடு அழுத்துகின்றது. கடற்காற்றும் மாரி ஈரமும் உள்ள எம் நாட்டில் இங்கு இருவகைப் பிடிப்பு நேரலாம். ஒன்று, ஈரத்தை உறிஞ்சிய லைனிங், கறள் பிடித்த டிறத்தோடு ஒட்டிக்கொள்ளுதல். மற்றையது, சிற்றச்சுத் தன் துவாரத்திலே கறளால் இறுகி, கட்டைகளை விரித்த நிலையிலேயே நிறுத்திவிடுதல்.

பிறேக்கைச் சோதிக்கும்போது, முதலில் இழுகம்பியின் நட்டைத் தளர்த்தி நெம்பை விடுவிக்க. நெம்பு தானாகப் பின்செல்லின் அச்சு நலமாயுள்ளது. செல்லாவிடின் அச்சே குற்றவாளி. அச்சுத் தட்டிலிருந்து வெளிவரும் இடத்தில் ஊடுருவும் எண்ணெயிற் சில துளி விட்டு, ஓரிரவு பொறுத்து, நெம்பை மிகச் சிறிதளவு முன்னும் பின்னும் அசைத்து வருக. எண்ணெய் மிகுந்தால் உள்ளே வழிந்து லைனிங்கைக் கெடுக்கும். பின்னர் பிறேக்குப் பிடியாது. லைனிங் ஒட்டியிருப்பின் டிறத்தைச் சுற்றி மரச்சுத்தியலால் மெல்லத் தட்டி, சில்லை இரு திசையிலும் மாறிமாறி அசைக்க. ஒரு திசையிற் சுழலும்போது ஆப்புப் போல இறுகுங் கட்டை மறுதிசையில் தளரும். ஆதலின் முன்னோக்கி அசையாத சில்லு பின்னோக்கி இளகுதல் உண்டு.

ஈண்டு இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் எம் கடன். அக்காலத்து பிறேக்கு லைனிங்குகள் பெரும்பாலும் கல்நார் எனப்படும் அஸ்பெஸ்ரஸ் கலந்தவை. அதன் தூசி சுவாசப்பையைச் சென்றடைந்து, பல ஆண்டுகளின் பின்னும் புற்றுநோய் முதலிய கொடிய நோய்களை விளைவிக்கும். எம் இளமையில் டிறத்தைத் திறந்து வாயால் ஊதிச் சுத்தஞ் செய்தோம். அதனை நீவிர் செய்யற்க. காற்றடிக்கும் குழாயும் ஆகாது. உலர்ந்த தூரிகையும் ஆகாது. முகத்துக்குத் தக்க காப்பு அணிந்து, நீரில் நனைத்த துணியால் துடைத்து, அத்துணியை உறையிலிட்டுக் கட்டி அகற்றுக.

பிறேக்கு விடுபட்டும் சில்லு சுழலாவிடினும், கரகரத்துச் சுழன்றாலும், பெயறிங்கை நோக்குதல் வேண்டும். ஆண்டுக் கணக்கில் நின்ற வண்டியிற் கிறீஸ் மெழுகாக உறையும். நீர் புகுந்திருப்பின் குண்டுகள் ஓடுபாதையோடு கறளால் ஒட்டும். அச்சின் நட்டுக்களைச் சிறிது தளர்த்தியவுடன் சில்லு இளகுமாயின், பெயறிங் மிகையாக இறுக்கப்பட்டுள்ளது அல்லது இடைவளையம் ஒன்று தவறியுள்ளது என அறிக. கரகரப்புள்ள பெயறிங்கைக் கழுவிக் கிறீஸிட்டு ஏமாறுதலினும் மாற்றிவிடுதலே மேல். அதன் அளவு பெரும்பாலும் வளையத்திற் பொறிக்கப்பட்டிருக்கும்.

இனி முன்பாதி. வண்டி நியூற்றலில் உள்ளது என்று நம்பி ஏமாறுதல் இங்கு இயல்பு. மோட்டார்ச் சைக்கிளின் கியர்கள் நின்ற நிலையில் இலகுவில் மாறா. பற்கள் நேர்ப்படும்வரை சில்லைச் சற்று முன்பின் அசைத்துக்கொண்டே நெம்பைத் தள்ளுதல் வேண்டும். சில்லே பிடித்திருக்கும்போது இஃது இயலாது. ஆகவே பிறேக்கை விடுவித்த பின் கியரை மீண்டும் சோதிக்க. நியூற்றல் கிடைத்தவுடன் சில்லு சுழன்றால், பிடித்திருந்தது எஞ்சின். கிளச்சை இழுத்தால் எஞ்சின் பிரிந்துவிடுமே எனச் சிலர் கேட்பர். பான்ரமின் கிளச்சுத் தட்டுக்களில் தக்கைத் துண்டுகள் பதித்திருக்கும். அவை எண்ணெயில் ஊறுபவை. நெடுநாள் அசையாதிருப்பின் அவ்வெண்ணெய் பிசினாகித் தட்டுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அந்நிலையிற் பிடியை இழுத்தும் பயனில்லை. பிளக்கைக் கழற்றிய பின்னும் கிக்கர் கீழிறங்காவிடின் எஞ்சின்மேல் ஐயம் வலுக்கின்றது.

பிடித்த எஞ்சினைக் கிக்கரில் ஏறிநின்று மிதித்து விடுவிக்க முயலற்க. ஈரடிப்பு எஞ்சினின் உருளைச் சுவரில் வாயில்கள் உள்ளன. ஒட்டிய வளையங்கள் அவ்வாயில்களிற் சிக்கி முறியும். பிளக்குத் துவாரத்தின் வழியே ஊடுருவும் எண்ணெய் சிறிது விட்டு, ஒரு கிழமை பொறுத்திருத்தலே முறை.

எமது வண்டிக்கு நேர்ந்ததை இனிக் கூறுவோம். தொய்வுச் சோதனையிற் சில்லு மயிரிழையும் அசைந்திலது. செயினைக் கழற்றிய பின்னும் அவ்வாறே. பிறேக்கின் சிற்றச்சு விரிந்த நிலையில் இறுகியிருந்தது. மூன்று நாள் எண்ணெயும் பொறுமையும் ஊட்டிய பின் நெம்பு இளகிற்று. சில்லும் கரகரத்தபடியே சுழன்றது. மருமகன் ஆரவாரித்தான். செயினைப் பூட்டிச் சுழற்றியபோதோ தொய்வின் அளவு மட்டும் அசைந்து மீண்டும் நின்றது. முதற் பழுதின் பின்னால் இரண்டாவது மறைந்திருந்தது. வண்டி முதலாம் கியரில் இருந்தது, எஞ்சினும் பிடித்திருந்தது. சில்லை மெல்ல அசைத்து நியூற்றலைக் கண்டோம். அதன் பின் தடையேதும் இருந்திலது.

அப்பொழுதுதான் அந்த றப்பர்த் துண்டின் பொருள் விளங்கிற்று. அது சைக்கிள் ரியூப்பில் அரிந்தெடுத்த நாடா. தந்தையார் அன்றிரவு புறப்படுமுன் வண்டியை முதலாம் கியரில் இட்டு, பிறேக்கு மிதியை அழுத்தி, அந்நாடாவாற் கால்தாங்கியோடு இறுகக் கட்டியிருக்கிறார். எவரும் எளிதில் உருட்டிச் செல்லாதிருக்க அவருக்குத் தெரிந்த பூட்டு அதுவே. திரும்பி வருவோம் என்று எண்ணாதவர் அவ்வாறு கட்டமாட்டார். நாடா இற்றுப்போயிற்று, அது பிடித்துவைத்த நிலையைக் கறள் காத்து நின்றது. பழுதென்று யாம் எண்ணியது முதலில் ஒரு பாதுகாப்பாக இருந்தது.

ஆதலின், நெடுநாள் நின்ற வண்டியை ஆராய்பவர் எல்லாக் கேள்விகளுக்கும் முன்னே, இதனைக் கடைசியாக நிறுத்தியவர் எவ்வாறு நிறுத்தினார் எனக் கேட்டல் வேண்டும். அவர் இருப்பின் அவரையே கேட்க. இல்லையாயின் மிதியும் கியரும் கட்டிய கயிறும் விடை கூறும். லான்ட்மாஸ்டரில் இழுத்திருந்தால் ஒருவேளை டிறம் வெடித்திருக்கும், அல்லது எஞ்சினின் வளையங்கள் முறிந்திருக்கும். அந்த றப்பர்த் துண்டும் மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

சில்லு சுழன்றமையால் வண்டி ஓடத் தகுதி பெற்றதென எவரும் மயங்கற்க. வெடித்த ரயர், இற்ற பிறேக்குக் கம்பி, உலர்ந்த பெயறிங், கறள் படிந்த தாங்கி ஆகிய யாவும் மாற்றப்பட்டோ சீர்செய்யப்பட்டோ சோதிக்கப்பட்ட பின்னரே வீதிக்கு வருதல் வேண்டும். எம் வண்டியில் ஒரு கிழமை எண்ணெயில் ஊறிய பின், உயர்ந்த கியரில் இட்டுப் பின்சில்லைக் கையால் மெல்ல முன்பின் அசைத்தபோது முசலம் இளகியது. சுழல மறுத்த அதே சில்லு, எஞ்சினை விடுவிக்கும் கருவியாயிற்று. அதனை அசைத்தவன் மருமகன். கயிற்றை அவன் பின்னர் கேட்கவில்லை.

பழைய இரும்பு வாங்குபவர் வெறுங்கையோடு சென்றார் எனக் கூறுதற்கில்லை. கொட்டிலில் நின்ற இரண்டு பழைய தகரப் பீப்பாய்களை அவருக்குக் கொடுத்தனுப்பினோம். வண்டி வளவின் பங்கீட்டில் மருமகனுக்குச் சென்றது. எம் ஆசிரியர் ஆய்வுகூடத்திற் கற்பித்தது அவனுக்கு ஒரு சில்லின் மூலம் சென்று சேர்ந்தது. இன்று அதே ஆய்வுகூடத்தில் நிற்கும் மாணவர்களும் அதனைக் கற்று, எம்மைப் போல் ஐம்பது ஆண்டு காத்திராது, காலத்திற் பயன்கொள்வாராக.